உதைக்குச் சத்தம் கிடையாது

வெர்லின் டட்டில் செத்துப் பிழைத்தவர். நோயில் விழுந்து எழுந்த கதை என்று நினைத்துவிட வேண்டாம். சாவதுதான் அவருக்குப் பிழைப்பு. பர்பாங்க் ஸ்டூடியோக்களில் எடுத்த கௌபாய் டி.வி. தொடர்களில் கதாநாயகன் துப்பாக்கியைத் தூக்கினால் எதிர்ப்பக்கம் யாராவது ஒருவன் விழுந்தாக வேண்டும் இல்லையா? அந்த ஒருவன் இவர்தான். சலூன் என்கிற சாராயக்கடையின் மாடியிலிருந்து விழுந்திருக்கிறார். சர்ச் கோபுரத்திலிருந்து விழுந்திருக்கிறார். ஒரே வாரத்தில் செவ்வாய்க்கிழமை திருடனாகச் செத்து, வியாழக்கிழமை அந்தத் திருடனைத் துரத்திப்போன ஷெரீப்பின் ஆளாகவும் செத்து, சனிக்கிழமை இருவருக்கும் குழி வெட்டுகிறவனாக நின்றார். அங்கேயும் யாரோ சுட்டுவிட, தான் வெட்டிய குழிக்குள்ளேயே விழுந்தார். குழி கச்சிதமாக இருந்தது என்று கேள்வி.

அவர் விழுவதில் ஒரு சூட்சுமம் உண்டு. வெடிச் சத்தம் காதில் பட்டதும் உடம்பு தானாக விழும். யோசனை எல்லாம் பாதி வழியில்தான். தரைக்கு வந்து சேர்வதற்குள் எந்தப் பக்கம் புரள்வது, தொப்பியை எந்தத் திசையில் பறக்கவிடுவது என்று முடிவு செய்துகொள்வார். சுட்டது யார், எதற்காகச் சுட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குச் சம்பந்தமில்லாத விவகாரம். டுமீல் என்றால் தொப்.

இந்தப் பழக்கம் வீட்டிலும் கூடவே வந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் ஓட்டை லாரி புகை கக்கி வெடித்தால், மளிகைப் பையோடு நடந்துவரும் வெர்லின் புல்தரையில் கிடப்பார். முட்டை மட்டும் ஒன்றுகூட உடையாது. தொழில் அவ்வளவு சுத்தம். ஜூலை நான்காம் தேதி, ஊரெல்லாம் வாணவேடிக்கை விடுகிற நாளில், அவருடைய மனைவி ஓப்பல் அவரை முன்கூட்டியே கட்டிலில் படுக்க வைத்தாள். ஏற்கெனவே படுத்திருப்பவன் எப்படி விழுவான் என்பது அவள் கணக்கு. முதல் வெடி கேட்டதும் வெர்லின் எழுந்து நின்றார், விழுந்தார், மறுபடி கட்டிலில் ஏறிப் படுத்தார். அடுத்த வெடிக்கு மறுபடி எழுந்தார். அந்த வருஷத்துக்குப் பிறகு ஓப்பல் கட்டிலை நம்புவதில்லை, காதில் பஞ்சு வைத்துவிடுவாள்.

இப்படிச் சௌகரியமாகச் செத்துக்கொண்டிருந்த மனிதருக்குத்தான் எழுபதுகளில் ஆபத்து வந்தது. ஜனங்களுக்குக் குதிரை அலுத்துப்போய்விட்டது. கௌபாய் தொடர்கள் சுடுவாரில்லாமலே ஒவ்வொன்றாக விழுந்தன. எல்லாரும் துப்பறியும் கதைக்குப் போனார்கள். அதில் சுடப்பட்டவன் காருக்குள்ளேயே சாய்கிறான். அதற்கு வெர்லின் எதற்கு?

மிச்சம் இருந்தது ஒரே ஒரு தொடர். அதன் பெயர் 'புழுதிச் சாமியார்'. சீனாவிலிருந்து வந்த ஒரு துறவி, காலில் செருப்பில்லாமல், இடுப்பில் ஒரு அரிசிப் பையோடு அரிசோனாப் பாலைவனத்தில் ஊர் ஊராக நடக்கிறார். கையில் துப்பாக்கி கிடையாது. வம்புக்கு வருகிறவர்களை முதலில் பழமொழியால் திருத்தப் பார்ப்பார். திருந்தாவிட்டால் உதைப்பார். பொதுவாக யாரும் திருந்துவதில்லை.

விழுகிறவர்களுக்கெல்லாம் மேஸ்திரி ஹோய்ட் புரூயிட். அவரும் ஒரு காலத்தில் விழுந்தவர்தான். இடுப்பு போனபிறகு, விழுகிற ஆட்களைப் பிடித்துக் கொடுக்கும் வேலைக்கு மாறியிருந்தார். அவர் வெர்லினுக்கு போன் செய்தார்.

"திங்கக்கிழம வந்துரு. சாமியார் உதைப்பாரு, நீ விழணும்."

"எங்கேருந்து?"

"எங்கேருந்தும் இல்லப்பா. நின்ன எடத்துலேருந்துதான்."

வெர்லினுக்கு அது கொஞ்சம் அவமானமாகப் பட்டது. நின்ற இடத்திலிருந்து விழ எந்தக் குடிகாரனாலும் முடியும்.

"இன்னொண்ணும் கேட்டுக்க," என்றார் ஹோய்ட். "டைரக்டர் கிரான்ட்ஸ் நியூயார்க்லேருந்து வந்த புது ஆளு. சர்க்கஸ்ல பல்டி அடிச்சவன் ஒருத்தன இப்பவே கூட்டியாந்து நாற்காலி போட்டு உக்கார வச்சிருக்காரு. நீ சரியா விழலேன்னா அவன்தான். அப்புறம் என்னால ஒண்ணும் பண்ண முடியாது வெர்லின்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், கூடத்துச் சுவரில் புது மெத்தை ஒன்று சாய்ந்து நின்றது. ஓப்பலின் தம்பி டுவெய்ன் பேக்கர்ஸ்ஃபீல்டில் மெத்தைக் கடை வைத்திருந்தான். சாம்பிளுக்கு என்று அனுப்பியிருந்தான்.

"டுவெய்ன் மறுபடியும் கேட்டான்," என்றாள் ஓப்பல். "உன்ன மாதிரி ஆளு அந்த ஊர்லயே கெடையாதாம். கடை வாசல்ல மெத்தையப் போட்டு, போறவன் வர்றவன் பாக்க நாள் பூரா நீ அதுமேல விழுந்து காட்டணுமாம். விழுந்துட்டு சிரிக்கணும். அவ்வளவுதான் வேல."

"சிரிக்கணுமா?"

"சொகமா இருக்குன்னு தெரியணுமில்ல?"

வெர்லின் மெத்தையைப் பார்த்தார். மண்ணில் விழுந்தவர், கல்லில் விழுந்தவர், ஒரு தடவை கள்ளிச்செடியிலும் விழுந்தவர். மச்சான் கடை வாசலில் பஞ்சுமேல் விழுந்து பல்லைக் காட்ட வேண்டும். அதற்கு நிஜமாகவே யாராவது சுட்டுவிட்டால்கூடத் தேவலை என்று தோன்றியது. ஆனால் நிஜமாகச் சுட்டால் எப்படி விழுவது என்று அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை செட்டுக்குப் போனார். அதே பழைய தெரு, அதே சலூன், அவர் முந்நூறு தடவை விழுந்த அதே மாடி. தெருவில் வில்லன்கள் வரிசையாக நின்றார்கள். வெர்லின் முன்னால், அவருக்குப் பின்னால் நான்கு பேர், எல்லாரும் அவர் காலத்து ஆட்கள். ஓரத்தில் மேபல் என்கிற குதிரை. அதுவும் இவர்கள் இனம்தான். வெடி கேட்டால் விழப் பழக்கிய குதிரை.

முதல் குழப்பம் சாமியாரைக் கிட்டத்தில் பார்த்ததுமே வந்துவிட்டது. சீனச் சாமியாராக நடித்த டெரெக் ஆஷ்லி, கனெக்டிகட்டிலிருந்து வந்த வெள்ளைக்காரர். கண் ஓரங்களைப் பசை போட்டு இழுத்து ஒட்டியிருந்தார்கள். அதனால் அவருக்குச் சரியாகக் கண் தெரியவில்லை. அவருக்கு உதைக்கச் சொல்லிக்கொடுத்தவர் ஹார்வி ஃபாங், நிஜமான சீனர். அவர் கௌபாய் தொப்பியும் பூட்ஸும் போட்டுக்கொண்டு, மாட்டுக்காரன் மாதிரி இழுத்து இழுத்துப் பேசினார்.

"சீனர் இங்க இருக்காரே, அப்புறம் ஏன் அவரு?" என்று வெர்லின் ஹோய்ட்டின் காதில் கேட்டார்.

"ஹார்வி பாக்க சீனன் மாதிரி இல்லையாம். சேனல்காரங்க சொல்லிட்டாங்க," என்றார் ஹோய்ட்.

வெர்லின் ஹார்வியை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு அதை விட்டுவிட்டார்.

"ஆக்‌ஷன்!"

இத்தனை வருஷமாக வெர்லின் எதிராளியின் இடுப்பைப் பார்த்தே பழகியவர். துப்பாக்கி அங்கேதான் இருக்கும், கை அங்கேதான் போகும். சாமியார் இடுப்பில் அரிசிப் பை தொங்கியது. கை அதன்பக்கம் போகவே இல்லை. இதென்ன, அரிசியால் அடிப்பாரோ என்று வெர்லின் யோசித்துக்கொண்டிருக்கும்போது மூக்குக்கு முன்னால் ஏதோ காற்று வீசிவிட்டுப் போனது. தெரு அமைதியாக இருந்தது. ஒரு ஈ பறந்தது. சாமியார் ஒற்றைக் காலில் நின்றார், பிறகு இரண்டு காலிலும் நின்றார். எல்லாரும் வெர்லினையே பார்த்தார்கள். வெர்லினும் மரியாதைக்குக் காத்திருந்தார்.

"கட்!" டைரக்டர் கிரான்ட்ஸ் அந்த வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றியிருந்தார். "மிஸ்டர் டட்டில், ஏன் விழல?"

"இன்னும் ஒண்ணும் நடக்கலியே சார்."

"நடந்தாச்சு! உதைச்சாச்சு!"

"யார?"

"உங்களத்தான்யா!"

வெர்லின் தாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். "சத்தமே கேக்கலியே சார்."

"உதைக்கு ஏது சத்தம்? அத அப்புறம் சேத்துக்குவோம்."

"அப்புறம்னா எப்ப சார்?"

"அடுத்த மாசம். சவுண்டு ரூம்ல உக்காந்து."

வெர்லின் நியாயமான மனிதர். நியாயமாகத்தான் கேட்டார். "அப்ப நான் அடுத்த மாசம் வந்து விழட்டுங்களா?"

பின்னால் நின்ற நான்கு பேரும் சிரித்தார்கள். கிரான்ட்ஸ் சிரிக்கவில்லை. நாற்காலியில் இருந்த சர்க்கஸ்காரன் ஒரு ஆரஞ்சை எடுத்து உரிக்க ஆரம்பித்தான்.

"இதப் பாருங்க," என்றார் கிரான்ட்ஸ், பல்லைக் கடித்துக்கொண்டு. "இது ஸ்லோமோஷன் காட்சி. கேமரா படுவேகமா ஓடும். அதனால படம் மெதுவாத் தெரியும். நீங்க வழக்கத்தவிட வேகமா விழுந்தாத்தான் அழகா மெதுவா விழற மாதிரி இருக்கும். புரியுதா?"

வெர்லின் இதை மனசுக்குள் ஒரு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தார். அது எந்தப் பக்கமாகவும் நிற்கவில்லை.

"மெதுவாத் தெரியணும்னா மெதுவாவே விழுந்துட்டா என்ன சார்?"

"வேண்டாம்!"

ஆனால் மனிதருக்கு உதவி செய்யும் குணம். இரண்டாவது தடவை கால் வந்தபோது, டைரக்டருக்கு நல்லதுதானே என்று, சுடுதண்ணீர்த் தொட்டிக்குள் இறங்குகிற கிழவர் மாதிரி மெல்ல, மிக மெல்ல இறங்கினார். சாமியார் உதைத்த காலை எடுத்துக் கீழே வைத்து, வியர்வையும் துடைத்துக்கொண்டார். வெர்லின் இன்னும் வந்துகொண்டிருந்தார்.

கேமராக்காரர் தலையை வெளியே நீட்டினார். "ஃபிலிம் சுருள் தீந்துபோச்சு சார். ஆளு இன்னும் தரைக்கு வரல."

மூன்றாவது தடவை வெர்லின் உறுதியாக நின்றார். எங்கேயாவது, எப்படியாவது ஒரு சின்னச் சத்தமாவது வராமலா போகும் என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஷாட் எண்ணைச் சொல்ல வந்தவர் அவர் முகத்துக்கு நேராகப் பலகையைச் சும்மா தட்டிப் பார்த்தார். இருபது வருஷமாக அந்தப் பலகைச் சத்தத்தை வெர்லின் மதித்ததே இல்லை. அன்று மதித்தார். டக் என்றதும் தூக்கியெறிந்த மாதிரி பின்னால் பறந்து, ஒரு சுற்றுப் புரண்டு, புழுதியில் கால் பரப்பிக் கிடந்தார். தொப்பி தனியாகப் போய்க் குதிரைத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. ரொம்ப அழகான சாவு என்று எல்லாருமே ஒப்புக்கொண்டார்கள். ஆனால் கேமரா ஓட ஆரம்பிக்கவில்லை. சாமியார் இன்னும் கண்ணுக்குப் பசை போட்டுக்கொண்டிருந்தார்.

கிரான்ட்ஸ் கழுத்துத் துணியை அவிழ்த்தார். "சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரே ஒரு தடவ. அவ்வளவுதான், மிஸ்டர் டட்டில்."

சர்க்கஸ்காரன் ஆரஞ்சைத் தின்று முடித்துத் தோள்களைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டான்.

சாப்பாட்டு வண்டியில் பீன்ஸும் சோள ரொட்டியும் கொடுத்தார்கள். வெர்லின் தட்டை வாங்கிக்கொண்டு தனியாகப் போய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். ஹார்வி ஃபாங் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, காகிதத்தைப் பிரித்து ரொட்டிக்குள் வைத்த இறைச்சியைக் கடித்தார்.

"நீங்க ஒருத்தர்தான் கொழம்பியிருக்கறதா நெனைக்காதீங்க," என்றார் ஹார்வி. "என்கிட்ட வந்து சீனப் பழமொழி சொல்லு, சீனப் பழமொழி சொல்லுன்னு உயிர எடுக்கறாங்க. நான் ஸ்டாக்டன்ல பொறந்தவன். எங்க மாமாவோட கார் ஒர்க்‌ஷாப்புல வளந்தவன். எனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவரு திட்டுனதுதான். அதச் சொல்றேன், எழுதிக்கறாங்க."

"போன வாரம் சாமியார் பாறைமேல உக்காந்து சொன்னாரே, 'எண்ணெய் வார்க்காதவன் விளக்கைப் பழிக்கலாகாது'ன்னு..."

"ஆமா."

"எங்க வீட்ல அழுதுட்டா."

"அது, 'எண்ணெ மாத்தாத நாயே, எஞ்சினக் கொற சொல்லாத'ன்னு மாமா ஒரு ஃபோர்டுக்காரன வெரட்டுனது."

இருவரும் கொஞ்ச நேரம் மென்றார்கள்.

"மச்சான் மெத்தைக் கடையில கூப்பிடறான்," என்றார் வெர்லின் திடீரென்று. "நாள் பூரா விழணுமாம். சிரிச்சுக்கிட்டே."

ஹார்வி மெல்லுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். "உதைக்கறப்ப நீங்க எங்க பாக்கறீங்க?"

"இடுப்ப."

"ஏன்?"

"துப்பாக்கி அங்கதான இருக்கும்."

"சாமியார்கிட்டத்தான் துப்பாக்கியே கெடையாதே."

"அதான் நானும் தேடிக்கிட்டே இருந்தேன்."

ஹார்வி தொப்பியைப் பின்னால் தள்ளினார். "காது கத எல்லாம் விடுங்க. முழங்காலப் பாருங்க. பாதம் வர்றதுக்கு முன்னாடி முழங்கால் மேல வரும். முழங்கால்தான் துப்பாக்கி, பாதந்தான் குண்டு. முழங்கால் தூக்குச்சா, விழுங்க. குண்டு வர்ற வரைக்கும் நின்னு பாத்துட்டிருக்காதீங்க."

அன்று காலையிலிருந்து யாரும் வெர்லினிடம் இவ்வளவு தெளிவாகப் பேசவில்லை. துப்பாக்கி என்றால் அவருக்குப் புரியும். தட்டோடு எழுந்து நின்று சுற்றிலும் பார்த்தார். சாப்பாட்டு வண்டிச் சமையல்காரர் படியேற முழங்காலைத் தூக்கினார். வெர்லின் விழுந்தார். பீன்ஸ் தட்டு கையில் அப்படியே இருந்தது. துணிமணி பார்க்கிற அம்மாள் செருப்பு வாரை இழுத்துவிட ஒரு காலைத் தூக்கினாள். வெர்லின் மறுபடி விழுந்தார். "ஐயோ, இந்தாளுக்கு யாராச்சும் டாக்டரக் கூப்பிடுங்களேன்!" என்று அவள் கத்தினாள்.

"வேண்டாம்மா, நல்லா தேறிட்டாரு," என்றார் ஹார்வி.

இது ஒரு பக்கம் நடந்துகொண்டிருக்க, ஹோய்ட் புரூயிட் இன்னொரு பக்கம் தன் வழியில் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார். நட்பு என்றால் அவருக்கு உயிர். வெர்லினுக்கு வேண்டியது சத்தம்தானே, அதற்கு எதற்கு அடுத்த மாதம்? சாமான் அறைக்குப் போய், சத்தமும் புகையும் மட்டும் வருகிற பொய்த் தோட்டா போட்ட துப்பாக்கி ஒன்றை வாங்கிக்கொண்டார். சலூன் வாசல் பீப்பாய்க்குப் பின்னால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரிடமும் மூச்சு விடவில்லை. வெர்லினிடமும் சொல்லவில்லை, மானஸ்தர், மனம் நொந்துவிடுவார் என்று நினைத்தார்.

"கடைசித் தடவ," என்றார் கிரான்ட்ஸ். "ஆக்‌ஷன்!"

கேமரா தேனீக் கூடு மாதிரி இரைந்தது. சாமியார் நடந்துவந்தார். வெர்லின் இடுப்பைப் பார்க்கவில்லை, கையைப் பார்க்கவில்லை. காவித் துணிக்கு அடியில் முழங்கால் எங்கே என்று மட்டும் பார்த்தார். அது அசைந்தது, உயர்ந்தது.

வெர்லின் விழுந்தார்.

அதைப் போல ஒரு விழுகையை அந்தத் தெரு அதுவரை பார்த்ததில்லை. சத்தமே இல்லை. காற்றில் துணி மிதந்து இறங்குகிற மாதிரி இறங்கினார். தரையும் அவரை வாங்கிக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை. ஹார்வி தன்னை அறியாமல் தொப்பியைக் கழற்றினார்.

ஆனால் பீப்பாய்க்குப் பின்னால் இருந்த ஹோய்ட் பழைய காலத்து ஆள். முழங்கால் கணக்கெல்லாம் அவருக்குத் தெரியாது. பாதம் முழுசாக வந்து சேரட்டும் என்று காத்திருந்தார். பாதம் வெர்லினின் தலை இருந்திருக்க வேண்டிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. ஹோய்ட் சுட்டார்.

டுமீல்!

பின்னால் நின்ற நான்கு பேரும் விழுந்தார்கள். அவர்களும் இருபது வருஷத் தொழில்காரர்கள்தானே? ஒருவர் இடது பக்கம், ஒருவர் வலது பக்கம், ஒருவர் வேலியை உடைத்துக்கொண்டு, இன்னொருவர் தண்ணீர்த் தொட்டிக்குள். ஓரத்தில் நின்ற மேபல் பெருமூச்சு விட்டுவிட்டு முன்னங்காலை மடக்கிச் சாய்ந்தது. ஏற்கெனவே தரையில் கிடந்த வெர்லின் என்ன செய்வார்? இறந்தவராகவே கிடந்திருக்கலாம். ஆனால் காதில் வெடி விழுந்துவிட்டது. உடம்புக்கு வேறு வழி தெரியாது. எழுந்து நின்றார், மார்பைப் பிடித்துக்கொண்டார், இன்னொரு தடவை விழுந்தார்.

கேமரா இரைவது நின்றது. சுருள் தீர்ந்திருந்தது.

தெரு முழுக்கப் பிணம். நடுவில் சாமியார் ஒற்றைக் காலைத் தூக்கியபடி, ஒட்டிய கண்ணால் அங்கும் இங்கும் பார்த்தார். "நான் ஒரே ஒரு உதைதான் உதைச்சேன்," என்றார் பயந்துபோய். "யாரையும் தொடக்கூட இல்ல."

பீப்பாய்க்குப் பின்னாலிருந்து புகையும் ஹோய்ட்டும் எழுந்தார்கள்.

"நீயா?" என்றார் வெர்லின், தரையிலிருந்தே.

"உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு பாத்தேன்."

"நான்தான் ஏற்கெனவே விழுந்துட்டேனே!"

"எனக்கு எப்படிய்யா தெரியும்? நீ சத்தமில்லாம விழுந்து நான் எந்தக் காலத்துல பாத்திருக்கேன்?"

கிரான்ட்ஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கோபப்படக்கூட அவருக்குத் தெம்பில்லை. வேறு சுருள் கையில் இல்லை. வெயில் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. மறுநாள் காலை அந்தத் தெருவைப் பிரித்து ஒரு பல்பொடி விளம்பரத்துக்கு வேறு வர்ணம் அடிக்கப்போகிறார்கள். இருக்கிறதை வைத்துத்தான் ஒப்பேற்ற வேண்டும்.

"ஹார்வி," என்றார் களைத்துப்போய். "ஒரு உதைக்கு அஞ்சு பேரும் ஒரு குதிரையும் ஏன் விழுந்தாங்க? அதுல ஒருத்தன் ஏன் ரெண்டு தடவ விழுந்தான்? இதுக்கு ஏதாவது சீனப் பழமொழி இருக்கா?"

ஹார்வி மாமாவை நினைத்துப் பார்த்தார். "'ஒரு டயர் போச்சுன்னா மொத்த வண்டியும் இழுக்கும்டா'ன்னு சொல்லுவாரு."

"டயர் வேண்டாம். சக்கரம்னு போட்டுக்கலாம்." கிரான்ட்ஸ் எழுந்தார். "மிஸ்டர் டட்டில், இது டி.வி.யில வரட்டும். ஜனங்க வாயப் பொளந்தாங்கன்னா உங்களக் கூப்பிடறேன். சிரிச்சாங்கன்னா நாம ரெண்டு பேருமே வேற வேல தேடிக்க வேண்டியதுதான்."

வெர்லின் உடம்பிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டே அனுதாபமாகக் கேட்டார். "உங்களுக்கும் மச்சான் இருக்காரா சார்?"

அதற்கப்புறம் ஒரு மாதமாக போன் வரவில்லை. வந்ததெல்லாம் டுவெய்னின் போன்தான். "அத்தான், பேனர் எழுதக் கொடுக்கட்டுங்களா? 'மேலேருந்து விழுந்தாலும் சொகம்'னு போடலாம்னு இருக்கேன்," என்றான். வெர்லின் மேபலை யாராவது கூப்பிட்டார்களா என்று விசாரித்தார். மேபலுக்கும் போன் வரவில்லை என்று தெரிந்ததில் சிறு ஆறுதல். ஆனால் அன்று சரியாக விழுந்தோமா, தப்பாக விழுந்தோமா என்பது மட்டும் அவருக்கு விளங்கவே இல்லை. சரியாகவும் விழுந்தார், தப்பாகவும் விழுந்தார். இரண்டு விதமாகவும் ஒரே உதைக்கு விழுந்தார். இதை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது?

கடைசியில் அந்த வியாழக்கிழமை வந்தது. ஓப்பல் சாப்பாட்டைத் தட்டில் வைத்து டி.வி.க்கு முன்னால் கொண்டுவந்தாள். சுவரில் சாய்த்தது சரிந்துகொண்டே இருந்ததால் டுவெய்னின் மெத்தையைச் சோபாவுக்குப் பக்கத்தில் தரையில் போட்டிருந்தாள். வெர்லின் அதைப் பார்க்காத மாதிரி சோபாவின் மறு ஓரத்தில் உட்கார்ந்தார்.

சாமியார் நடந்தார். பேசினார். வில்லன்கள் திருந்தவில்லை. தெரு வந்தது.

"நீதான!" என்றாள் ஓப்பல்.

திரையில் எல்லாம் மெதுவாகிவிட்டது. புழுதித் துகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதந்தது. காவித் துணி அலையாக விரிந்தது, முழங்கால் சூரியன் மாதிரி உதித்தது. தன் உடம்பு இறகாக இறங்குவதை வெர்லின் முதல் தடவையாகப் பார்த்தார். வேகமாக விழுந்தால்தான் மெதுவாகத் தெரியும் என்று டைரக்டர் சொன்னது சரிதான் போலிருக்கிறது. ஏன் சரி என்பது மட்டும் இப்போதும் புரியவில்லை. பிறகு ஒவ்வொருவராக, ஒரு பெருங்காற்று அடித்த மாதிரி, மற்றவர்கள் சாய்ந்தார்கள். குதிரை மண்டியிட்டது. செத்தவன் தரையிலிருந்து எழுந்தான், எதையோ உணர்ந்தவன் போல மார்பில் கை வைத்தான், மறுபடி விழுந்தான்.

ஓப்பல் முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். அவள் சிரிக்கவில்லை.

சாமியார் காலைக் கீழே வைத்து, தெருவைப் பார்த்துச் சொன்னார்: "ஒரு சக்கரம் உடைந்தால் தேர் முழுதும் சாயும்." சொல்லிவிட்டு நடந்தார்.

"அம்மாடி," என்றாள் ஓப்பல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஆனா உதைச்சப்ப ஒரு சத்தமும் கேக்கலியே? அப்புறம் சேப்பாங்கன்னு சொன்னே?"

சேர்த்துத்தான் இருந்தார்கள். ஆனால் அந்த உதை நடந்த இடத்தில் இல்லை. சவுண்டு ரூமில் உட்கார்ந்தவர், இப்பேர்ப்பட்ட உதையின் சத்தம் மெதுவாகத்தானே வந்து சேரும் என்று தானாக முடிவு செய்துவிட்டார். அதற்கு ஏற்ற சத்தம் தேடிப் பெட்டியெல்லாம் குடைந்து, ஏதோ ஒரு பழைய கௌபாய் தொடரின் வெடிச் சத்தத்தை எடுத்து, பாகு மாதிரி இழுத்து, சாமியார் மலைமுகட்டைத் தாண்டுகிற நேரத்துக்கு வைத்திருந்தார்.

டூ...ஊ...ம்.

எவ்வளவு இழுத்தால் என்ன? வெர்லினின் உடம்புக்கு அந்த வெடி தெரியும். பல தடவை சந்தித்த வெடி. சாப்பாட்டுத் தட்டைப் பிடித்தபடி சோபாவிலிருந்து எழுந்தார், ஒரு சுற்றுப் புரண்டார், மச்சானின் மெத்தையில் தொப்பென்று கிடந்தார். தட்டில் ஒரு பட்டாணிகூடச் சிந்தவில்லை.

அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. ஓப்பல் எடுத்தாள்.

"யாரு, ஹோய்ட்டா? இருக்காரு. இப்பத்தான் விழுந்தாரு... ம்... ம்... அப்படியா?" அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு திரும்பினாள். "டைரக்டருக்கு போன் மேல போனா வருதாம். ரெண்டு தடவ செத்தவன் யாருன்னு ஊரே கேக்குதாம். திங்கக்கிழமலேருந்து உன்ன வரச் சொல்றாரு. வாராவாரம் வேணுமாம்."

மெத்தையில் கிடந்த வெர்லினுக்கு மூச்சு லேசானது. டுவெய்னின் பேனரை நினைத்து, யாரும் பார்க்கவில்லை என்ற தைரியத்தில், கொஞ்சம் சிரிக்கக்கூடச் செய்தார். மெத்தை உண்மையிலேயே சுகமாகத்தான் இருந்தது.

"ஆனா ஒண்ணாம்," என்றாள் ஓப்பல், போனைக் கேட்டுக்கொண்டே. "ஒவ்வொரு உதைக்கும் நீ ரெண்டு தடவ விழணுமாம். துப்பாக்கி மட்டும் கெடையாதாம். மேபலும் கூடவே விழுந்துருதாம்."

வெர்லின் சிரிப்பை நிறுத்தினார்.

"மொதத் தடவ முழங்காலப் பாத்து விழுந்துருவேன். ரெண்டாவது தடவ எதப் பாத்து விழறதுன்னு கேளு."

ஓப்பல் கேட்டாள். கொஞ்ச நேரம் "ம்" கொட்டினாள். பிறகு போனை வைத்தாள்.

"நீ பாட்டுக்கு எந்திரிச்சு விழுந்துருவியாம். சத்தத்த அப்புறம் சேத்துக்குவாங்களாம்."